டவுன் சென்டர் சும்மா இருக்கக் கூடாது

வியூக கேம்கள், பிழைத்திருக்கும் கேம்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (விருதுநகர்): ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் கம்ப்யூட்டரை ‘மாடரேட்’டில் சுலபமாக ஜெயிக்கிறேன். ‘ஹார்ட்’ வைத்தால், என்னிடம் நாலு ஈட்டிக்காரர்கள் இருக்கும்போதே அவன் பெரிய படையோடு வந்து நிற்கிறான். எந்தப் படை கட்டினால் தாக்குப்பிடிக்கலாம்?

படை அப்புறம். முதல் 8 நிமிடத்தில் உங்கள் டவுன் சென்டர் (வில்லேஜர் என்ற வேலையாட்களை உருவாக்கும் மையக் கட்டடம்) எத்தனை நொடி சும்மா இருந்தது என்று பாருங்கள். தோற்றது அங்கேதான். படை வந்தபோது அது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஒரு வில்லேஜர் உருவாக 25 நொடி, 50 உணவு. ஆரம்பத்தில் கையில் 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல் இருக்கும். கூடவே 3 வில்லேஜர், 1 ஸ்கவுட் (வேவு குதிரைவீரன்). 200 உணவுக்கு 4 பேரை வரிசையில் போடலாம், 100 நொடி ஓடும். ஆனால் டவுன் சென்டர் 5 பேருக்குத்தான் இடம் தரும், உங்களிடம் ஏற்கெனவே 4 பேர் இருக்கிறார்கள். ஒரே ஒரு ஆள் வந்ததும் வரிசை நின்றுவிடும். அதனால் கேம் தொடங்கிய கையோடு இரண்டு வீடுகள் போட வேண்டும். ஒரு வீட்டுக்கு 25 மரம், 5 பேருக்கு இடம். இருவர் ஒரு வீடு, மூன்றாமவர் இன்னொரு வீடு என்று பிரித்துவிட்டு, ஸ்கவுட்டை ஆடு தேட அனுப்புங்கள்.

அடுத்த கட்டமான ஃபியூடல் யுகத்துக்கு 21 வில்லேஜர்களோடு போவதாக வைத்துக்கொள்வோம். புதிதாக 18 பேர் வேண்டும். 18 × 25 என்றால் 450 நொடி. வில்லேஜரின் உயிரைக் கூட்டும் லூம் ஆராய்ச்சிக்கு இன்னொரு 25. ஆக, டவுன் சென்டர் ஒரு நொடியும் ஓயாமல் இருந்தால் கேம் கடிகாரத்தில் 7:55-க்கு யுகம் மாற்றும் பொத்தானை அழுத்தலாம். மாற 130 நொடி. 10:05-க்கு நீங்கள் ஃபியூடலில். இதை ஒரு காகிதத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு ஆடிப் பாருங்கள். ‘ஹார்ட்’டில் தோற்கிறவர்கள் பெரும்பாலும் 13, 14 நிமிடத்தில்தான் அந்தப் பொத்தானுக்கே வருவார்கள்.

ஏன் தாமதம்? உணவு. 18 பேருக்கு 900, யுகம் மாற 500, மொத்தம் 1400. கையிருப்பு 200 போக 1200 சேர்க்க வேண்டும். வழக்கமான மேப்பில் உங்களுக்கென்று 8 ஆடுகள் உண்டு, தலா 100. அது 800-தான். இரண்டு காட்டுப்பன்றிகள் தலா 340, அதாவது 680. பன்றிக்குப் பயந்து அதைத் தொடாமல் விடுகிறவர் 800-லேயே நின்று, மீதியை வயல் போட்டு எடுக்கப் பார்ப்பார். ஒரு வயலுக்கு 60 மரம். அந்த மரத்தை வெட்ட ஆள் வேண்டும். ஆளுக்கு உணவு வேண்டும். சுற்றிச் சுற்றி வந்து நின்றுவிடும்.

முதல் 6 பேர் ஆட்டில். அடுத்த 4 பேர் மரத்தில், அங்கே ஒரு லம்பர் கேம்ப் (100 மரம்). அடுத்தவர் பன்றியை இழுத்து வரட்டும். அதற்கடுத்து வருகிறவர் பழச்செடி ஓரமாக மில் கட்டட்டும் (100 மரம்), அங்கே 3, 4 பேர். மற்றவர்கள் எல்லோரும் மரம். யுகம் மாற முந்தைய யுகத்துக் கட்டடங்கள் இரண்டு வேண்டும். லம்பர் கேம்ப்பும் மில்லும் அந்தக் கணக்கைத் தீர்த்துவிடும், வீடுகள் சேராது. ஆடுகளை டவுன் சென்டர் சுவரோடு ஒட்டி நிறுத்தி, ஒவ்வொன்றாக வெட்டுங்கள். வெட்டிப் போட்ட ஆடு அழுகும். ஒரே நேரத்தில் மூன்றை வெட்டினால் கறி மண்ணோடு போகும்.

இப்போது படைக்கு வருவோம். அவன் குதிரையில் வந்தால் ஈட்டி, வில்லோடு வந்தால் ஸ்கர்மிஷர் (ஈட்டி எறிபவர்). இரண்டுக்குமே தங்கம் வேண்டாம், உணவும் மரமும் போதும்.

கேள்வி (ஈரோடு): எக்ஸ்காம் 2-ல் குறி படும் வாய்ப்பு 95 சதவீதம் என்று காட்டுகிறது. பக்கத்தில் நிற்கிற ஏலியனைக்கூட என் வீரன் தவறவிடுகிறான். கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறதா?

ஏமாற்றுகிறது, ஆனால் உங்களுக்குச் சாதகமாக. குறைந்த டிஃபிகல்டிகளில் திரையில் காட்டுவதைவிட உண்மையான வாய்ப்பு சற்றே கூடுதல். அடுத்தடுத்துத் தவறினால் அதை ரகசியமாக இன்னும் ஏற்றிவிடும்.

95 என்றால் 20-ல் ஒன்று தவறும். ஒரு மிஷனில் அப்படி 10 முறை சுட்டால், ஒரு தடவையாவது தவற 40 சதவீத வாய்ப்பு. குறி பட்டதை மனசு கணக்கில் எடுக்காது, கோபத்தை மட்டும் எடுக்கும். சேவ் செய்து திரும்ப லோட் செய்தாலும் அதே சூட்டுக்கு அதே முடிவுதான் வரும். பகடை எண் சேவ் கோப்பிலேயே இருக்கிறது. வேறொரு ஆளை முதலில் சுடவிட்டு வரிசையை மாற்றினால்தான் முடிவு மாறும்.

பகடையை நம்ப வேண்டாம் என்றால் கையெறிகுண்டை எடுங்கள். அது தவறாது, மறைவிடத்தையும் உடைக்கும். அரை மறைவு 20 புள்ளி, முழு மறைவு 40 புள்ளி குறி குறைக்கும். முதலில் குண்டு, பிறகு துப்பாக்கி. இன்னொன்று, கடைசி ஆளை வைத்துப் புது இடத்தை எட்டிப் பார்க்காதீர்கள். அங்கே ஒரு கூட்டம் விழித்துக்கொண்டால் பதில் சொல்ல ஆள் மிச்சமிருக்காது.

அதிர்ஷ்டமே பிடிக்காதவர்கள் 2018-ல் வந்த இன்டு தி ப்ரீச் பக்கம் போகலாம். 8-க்கு 8 கட்டம், எதிரி அடுத்து எங்கே அடிக்கப்போகிறான் என்பது முன்கூட்டியே திரையில் தெரியும். தோற்றால் சதவீதத்தைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி (தஞ்சாவூர்): ராஜேந்திர சோழனை வைத்து ஆடக்கூடிய கேம் இருக்கிறதாமே?

இருக்கிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பை வாங்க வேண்டும். அதற்கு முன்பு ‘இந்தியர்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததை அதில் இந்துஸ்தானிகள், வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என்று நாலாகப் பிரித்தார்கள். ராஜேந்திரன் படையெடுப்புகள் திராவிடர் பிரிவில் தனிக் கதைத்தொடராக உள்ளன. மொழிக்குடும்பத்தின் பெயரை ஒரு நாட்டுக்கு வைத்தது எனக்கு உறுத்தல்தான். ‘சோழர்’ என்று வைத்திருக்கலாம்.

ஆடும் விதம் வேறு. இந்தப் பிரிவுக்கு நைட் குதிரைவீரர்களே கிடையாது. குதிரையை நம்பி ஆடிப் பழகியவர்கள் இரண்டு ஆட்டத்தில் கைவிட்டுவிடுவார்கள். பலம் காலாட்படையிலும் தண்ணீரிலும் இருக்கிறது. யுகம் மாறும் ஒவ்வொரு முறையும் 200 மரம் இனாமாக வரும். அதை அப்படியே துறைமுகத்திலும் மீன்பிடிப் படகிலும் போடுங்கள். தனிப் படைகள் இரண்டு: உருமி வாள்வீரர், திரிசடை என்ற பெரிய கப்பல். நிலம் மட்டுமே உள்ள மேப்பில் இவர்களை எடுத்தால் சிரமப்படுவீர்கள், தீவுகள் உள்ள மேப்பில் எதிராளி சிரமப்படுவான்.

2025 பிப்ரவரியில் வந்த சிவிலைசேஷன் 7-லும் நடு யுகத்தில் சோழர்கள் தனி நாகரிகமாக இருக்கிறார்கள். அங்கேயும் கடலும் வணிகமும்தான்.

கேள்வி (மதுரை): சிவிலைசேஷன் கேமில் காந்தி அணுகுண்டு போடுவது ஒரு புரோகிராம் பிழையால் என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். பந்தயம் கட்டலாமா?

தாராளமாகக் கட்டுங்கள். அந்தக் கதை இப்படி: 1991-ல் வந்த முதல் கேமில் காந்தியின் ஆக்ரோஷ எண் 1. அவர் ஜனநாயகத்துக்கு மாறினால் 2 குறையும். எண் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாமல் சுழன்று 255 ஆகிவிட்டது, அதனால்தான் குண்டு போட்டார்! கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று அதை உருவாக்கிய சிட் மையர் 2020-ல் வெளியான தன் நினைவுக்குறிப்பு நூலில் எழுதிவிட்டார். அந்த முதல் கேமில் காந்தி மற்ற சாந்தமான தலைவர்களைப் போலத்தான். இந்தியா அறிவியலில் சீக்கிரம் முன்னேறும், அதனால் அணுகுண்டும் சீக்கிரம் கைக்கு வரும். காந்தி அதை வைத்துக்கொண்டு மிரட்டியது ஆடியவர்கள் மனதில் தங்கிவிட்டது.

2010-ல் வந்த ஐந்தாம் பாகத்தில்தான் வேண்டுமென்றே, வேடிக்கைக்காக, காந்தியின் அணு ஆயுத விருப்பத்தை 12 என்று வைத்தார்கள். மற்ற தலைவர்களுக்கு அந்த அளவுகோல் 10-ஓடு முடிகிறது. ஆகவே ஐந்தாம் பாகத்தில் காந்தி பக்கத்து நாடாக வந்தால் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஃபேக்டோரியோவில் என் தொழிற்சாலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல எல்லாமே வேகம் குறைந்து, கடைசியில் மின்சாரமே நின்றுவிட்டது. ஸ்டீம் என்ஜின் பத்து சேர்த்தும் எழவில்லை.

என்ஜின் சேர்த்தால் எழாது. குறை நிலக்கரியில். இந்தக் கேமில் புதிதாக வருகிற எல்லோரையும் ஒரு தடவை கவிழ்க்கிற குழி இது.

நிலக்கரியைத் தோண்டுகிற யந்திரம் மின்சாரத்தில் ஓடுகிறது. அந்தக் கரியை பெல்ட்டிலிருந்து எடுத்து பாய்லருக்குள் போடுகிற இன்சர்ட்டர் கையும் மின்சாரத்தில் ஓடுகிறது. புதுப் பட்டறை ஒன்று கட்டினீர்கள், மின்சாரம் 5 சதவீதம் பற்றாமல் போனது. உடனே எல்லா யந்திரமும் 5 சதவீதம் மெதுவாகும், கரி தோண்டுகிறதும் சேர்த்து. கரி குறைந்ததும் மின்சாரம் இன்னும் குறையும். இப்படியே இறங்கி இறங்கி, அரை மணியில் இருட்டு.

எழுப்பும் முறை: மின் நிலையத்தையும் தொழிற்சாலையையும் இணைக்கிற ஒரு கம்பத்தைப் பிடுங்கிவிடுங்கள். மின் நிலையம், கரி தோண்டும் யந்திரங்கள், பாய்லர் இன்சர்ட்டர்கள் மட்டும் ஒரே வலையில் இருக்கட்டும். ஒவ்வொரு பாய்லருக்கும் கையால் 10 கரி போடுங்கள். பெல்ட் கரியால் நிறைந்து, கடைசி பாய்லர் வரை நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கம்பத்தைத் திரும்ப நடுங்கள். அவசரப்பட்டுப் பாதியில் இணைத்தால் மறுபடி முதலிலிருந்து.

திரும்ப வராமலிருக்க, பாய்லர் வாயில் உள்ள மின் இன்சர்ட்டர்களை எடுத்துவிட்டு பர்னர் இன்சர்ட்டர் வையுங்கள். ஆரம்பத்தில் தருகிற அந்த மெதுவான பழுப்பு நிறக் கை, கரியைத் தானே தின்று தானே ஓடும். மின்சாரம் செத்தாலும் அது சாகாது. பலர் அதை ‘பழைய மாடல்’ என்று பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். பாய்லர் வாய்க்கு அதைவிட நல்ல கை கிடையாது.

இப்போது எண்கள். ஒரு பாய்லர் 1.8 மெகாவாட், ஒரு ஸ்டீம் என்ஜின் 900 கிலோவாட். எனவே ஒரு பாய்லருக்கு இரண்டு என்ஜின். 20 பாய்லர், 40 என்ஜின் வைத்தால் 36 மெகாவாட். ஒரு கரித்துண்டில் 4 மெகாஜூல், ஒரு பாய்லர் அதை சுமார் 2.2 நொடியில் எரித்துவிடும். 20 பாய்லரும் முழு வேகத்தில் ஓடினால் நொடிக்கு 9 கரி. மஞ்சள் பெல்ட் நொடிக்கு 15 சுமக்கும், ஆனால் அது இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் என்றால் 7.5தான். கரியை ஒரே பக்கத்தில் ஓடவிட்டு 20 பாய்லர் வைத்தவர்களுக்குக் கடைசி மூன்று, நாலு பாய்லர் எப்போதும் பட்டினி. சுமை கூடும்போதுதான் அது வெளியே தெரியும். மின் தோண்டி ஒன்று நொடிக்கு 0.5 கரி எடுக்கும், ஆக 18 தோண்டிகள் வேண்டும். இந்தக் கரி வரிசை முதலில் பாய்லருக்குப் போகட்டும், மிஞ்சியது தொழிற்சாலைக்கு. உலைக்கும் பாய்லருக்கும் ஒரே பெல்ட்டைப் பங்கு வைத்தால் பிற்பாடு அது இடியாப்பச் சிக்கல்தான்.

பழைய வழிகாட்டிகளில் ‘ஒரு பம்புக்கு 20 பாய்லர்’ என்றிருக்கும். 2024 அக்டோபரில் வந்த 2.0 பதிப்பில் தண்ணீர்ச் செலவு பத்தில் ஒன்றாகக் குறைந்தது, இப்போது ஒரு பம்பு 200 பாய்லருக்குப் போதும்.

கேள்வி (நாகர்கோவில்): போனில், நெட் இல்லாமல், விளம்பரத் தொல்லை இல்லாமல் ஆட ஏதாவது?

அன்சிவ். சிவிலைசேஷன் 5-ன் விதிகளை எளிய படங்களோடு திரும்ப எழுதியது. இலவசம், திறந்த மூலம், பழைய ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். தொழிற்சாலை ஆசை இருந்தால் மைண்டஸ்ட்ரி. பெல்ட் போட்டுத் தோட்டாவை பீரங்கிக்கு அனுப்பிக் கோட்டையைக் காக்க வேண்டும். சின்னத் திரையில் விரலால் பெல்ட் இழுப்பது மட்டும் பழகக் கொஞ்ச நாளாகும்.

கேள்வி (திருச்சி): டோன்ட் ஸ்டார்வ் டுகெதரில் வில்சன் என்ற பாத்திரத்தை எடுத்துத் தனியாக ஆடுகிறேன். 25 நாள் தாண்டுவதில்லை. குளிரில் சாகிறேன் அல்லது பசியில் சாகிறேன். என்ன தயார் செய்ய வேண்டும்?

ஒரு நாள் என்பது 8 நிமிடம். இலையுதிர்காலம் 20 நாள், பிறகு 15 நாள் பனி. அதாவது தயாராக உங்களுக்கு 2 மணி 40 நிமிடம் இருக்கிறது. பெரும்பாலோர் அதில் முக்கால்வாசியை மேப்பைச் சுற்றிப் பார்ப்பதில் செலவழித்துவிட்டு 18-ஆம் நாள் விழித்துக்கொள்கிறார்கள்.

பசிக் கணக்கு எளிது. வில்சனின் வயிறு 150, ஒரு நாளைக்கு 75 கரையும். 15 நாளுக்கு 1125. கிராக் பாட் என்ற சமையல் பானையில் செய்யும் மீட்பால் (இறைச்சி உருண்டை) ஒன்று 62.5 தரும். ஆக மொத்தப் பனிக்காலத்துக்கு 18 மீட்பால். மலைப்பாகத் தெரிகிற விஷயம் 18 உருண்டையில் முடிந்துவிடுகிறது.

கிராக் பாட்டுக்கு வெட்டிய கல் 3 (அதாவது 9 பாறை), மரக்கரி 6, சுள்ளி 6. மரக்கரிக்கு மரத்தைக் கொளுத்தி, அணைந்தபின் வெட்ட வேண்டும். முகாமிலிருந்து தள்ளி, தனியாக நிற்கும் மூன்று, நாலு மரம் போதும். காட்டுக்கு நடுவில் கொளுத்தினால் காடே போய்விடும். மீட்பாலுக்கு ஒரு துண்டு இறைச்சி, மீதி இடத்தை நிரப்ப வேறு பொருள் மூன்று (நிரப்பி). இறைச்சிக்கு முயல் போதும். 2 சுள்ளி, 6 புல்லில் ஒரு பொறி கட்டி முயல் வளை மேலேயே வையுங்கள், பனியிலும் முயல் வரும். நிரப்பிக்குப் பெர்ரியை நம்பாதீர்கள், பனிக்காலத்தில் அது காய்க்காது. பனிக்கட்டியைக் குந்தாலியால் உடைத்தால் வருகிற ஐஸ் துண்டுகளே நிரப்பி. சிலர் சுள்ளியைப் போட்டுப் பார்ப்பார்கள், மீட்பாலுக்கு அது ஆகாது. மான்ஸ்டர் இறைச்சி ஒன்று போடலாம். இரண்டு போட்டால் தின்னக்கூடாத மான்ஸ்டர் லசான்யா ஆகிவிடும். ஒரேயடியாக 18-ஐயும் சமைத்து அடுக்க வேண்டாம், கெட்டுப்போகும். முயலை உயிரோடு வைத்திருந்து, பசித்தபோது சமையுங்கள்.

குளிருக்கு தெர்மல் ஸ்டோன் (சூட்டைப் பிடித்துவைக்கும் கல்): 10 பாறை, 3 சிக்கிமுக்கிக் கல், ஒரு குந்தாலி. தீக்குழி பக்கத்தில் அது ஒளிரும் வரை சுட வைத்து எடுத்துப் போங்கள். சாம்பல் நிறமானால் திரும்ப வேண்டிய நேரம். திரையோரத்தில் பனிப்படலம் வந்த பிறகு திரும்ப நினைத்தால் தாமதம், சற்று நேரத்தில் உயிர் கரையத் தொடங்கிவிடும். தொப்பிக்கு 4 பீஃபலோ ரோமம், 4 சிலந்திப் பட்டு. அது முடியாவிட்டால் 2 முயலும் ஒரு சுள்ளியும் சேர்த்துக் காதுமூடி செய்துகொள்ளலாம். வில்சனின் தாடியைப் பனி முடியும் வரை மழிக்காதீர்கள். 16 நாள் வளர்ந்த தாடி ஒரு போர்வைக்குச் சமம்.

30-ஆம் நாள் வாக்கில் டியர்க்ளாப்ஸ் என்ற ஒற்றைக்கண் பூதம் வரும். உறுமல் கேட்டதும் முகாமை விட்டுத் தூர ஓடுங்கள். அது உங்களைத் தேடித்தான் வருகிறது. நீங்கள் கிராக் பாட்டுக்குப் பக்கத்தில் நின்றால் அதையும் சேர்த்து நொறுக்கிவிட்டுப் போகும்.

கேள்வி (சேலம்): ஃப்ராஸ்ட்பங்க் ஆடும்போது குழந்தைகளை வேலைக்கு அனுப்பும் சட்டத்தில் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. போடாமல் ஜெயிக்க முடியுமா?

முடியும். குழந்தைகள் காப்பகச் சட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரம் ஆள் பற்றாமல் திணறுவீர்கள். பிற்பாடு அதே குழந்தைகளை மருத்துவருக்கோ பொறியாளருக்கோ உதவியாளராக்கும் சட்டம் திறக்கும், அது நல்ல பலன் தரும். ஆனால் சட்டப் புத்தகத்தில் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற முடியாது, யோசித்துப் போடுங்கள்.

ஆள் பற்றாத அந்த வாரத்தை எப்படிக் கடப்பது? முதலில் கரி. நகரைச் சூடாக்கும் ஜெனரேட்டர் முதல் நிலையில் மணிக்கு 6 கரி தின்னும், நாள் முழுக்க ஓடினால் 144. தொடக்க நாட்களில் குளிர் அவ்வளவு கடுமையாக இராது. பகலில் எல்லோரும் வெளியே பொறுக்கிக்கொண்டிருக்கும்போது அணைத்துவிட்டு, இரவில் மட்டும் போடலாம். அடுத்து, சூப் சட்டம். சாதாரணச் சமையலில் 10 பச்சை உணவு 20 சாப்பாடாகும், சூப்பில் 25. ஆரம்பத்தில் இருக்கும் 80 பேருக்கு ஒரு நாளைக்கு 40 வேண்டிய இடத்தில் 32 போதும். ஜனங்கள் முணுமுணுப்பார்கள், அது தாங்கக்கூடிய முணுமுணுப்பு. மரத்தூள் கலக்கும் சட்டத்துக்கு மட்டும் போகாதீர்கள். நோயாளிகள் பெருகி, உணவில் மிச்சம் பிடித்ததை மருத்துவமனையில் தொலைப்பீர்கள்.

2024-ல் வந்த இரண்டாம் பாகம் பெரிய நகரம், சட்டசபை, கட்சிகள் என்று விரிகிறது. நல்ல கேம்தான். ஆனால் ஒரு கூடாரத்தில் பத்துப் பேர் நடுங்குகிற நெருக்கம் அதில் இல்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): ரிம்வேர்ல்டில் ஆறு பேர் கொண்ட அழகான காலனி. தங்கச் சிலைகூட இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தாக்குதலுக்கும் முப்பது பேர் வருகிறார்கள். இது நியாயமா?

அந்தச் சிலைதான் அவர்களை அழைத்து வருகிறது. தாக்குதலின் பருமன் உங்கள் காலனியின் சொத்து மதிப்பையும் ஆள் எண்ணிக்கையையும் வைத்துத் தீர்மானமாகிறது. பொருட்களின் மதிப்பு முழுதாகச் சேரும், கட்டடங்களின் மதிப்பு பாதி சேரும். கிடங்கில் குவிந்து கிடக்கும் வெள்ளி, பயன்படாத துப்பாக்கிகள், இரண்டு வருஷத்துக்கான சோளம் எல்லாம் கணக்கில் உண்டு. ஆறு பேருக்கு உரிய பாதுகாப்பும் பன்னிரண்டு பேருக்கு உரிய சொத்தும் வைத்திருந்தால் முப்பது பேர் வரத்தான் செய்வார்கள். வணிகர் வரும்போதெல்லாம் உபரியை விற்று, மருந்தாகவும் கவசமாகவும் மாற்றுங்கள். அவையும் சொத்துதான், ஆனால் சண்டை போடுகிற சொத்து. நிகழ்வுகளைத் தீர்மானிக்கும் கதைசொல்லியாக ரேண்டியை வைத்திருந்தால் இந்தக் கணக்குக்கு மேலே அவன் குறும்பும் சேரும். பழகும் வரை கசாண்ட்ரா என்ற கதைசொல்லியிடம் இருங்கள்.

இன்னொரு விஷயம். நிறைய பேட்டரி வைத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. ஷார்ட் சர்க்யூட் நிகழ்வு வந்தால் அந்த வலையில் சேர்ந்திருக்கும் மின்சாரம் முழுவதும் ஒரே வெடியாகும். சேமிப்பு எவ்வளவோ அவ்வளவு பெரிய தீ. பேட்டரிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, நடுவில் சுவிட்ச் வைத்து, ஒன்றை அணைத்தே வையுங்கள். அறை கல்சுவராக இருக்கட்டும், மேலே கூரை கட்டாயம். மழை பட்டாலே பேட்டரி தீப்பிடிக்கும்.

கேள்வி (சென்னை): சப்நாட்டிகாவில் ஆழம் போகவே பயமாக இருக்கிறது. போனால் மூச்சு முட்டிச் சாகிறேன்.

பயத்துக்கு மருந்து இல்லை, அந்தக் கேமின் சுவையே அது. மூச்சுக்கு உண்டு. வெறும் ஆளாக 45 நொடி. 3 டைட்டேனியத்தில் சாதாரண சிலிண்டர் செய்தால் 75 நொடி, பெரிய சிலிண்டர் 135 நொடி. ஆனால் 100 மீட்டருக்குக் கீழே காற்று வேகமாகத் தீரும், 200-க்குக் கீழே இன்னும் வேகமாக. ‘ஒரு நிமிஷம் இருக்கிறதே’ என்று நினைத்தவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள். ரீபிரீதர் என்ற முகமூடி போட்டால் இந்தக் கூடுதல் வேகம் நின்றுவிடும். 100 மீட்டர் தாண்டும் முன் அதைச் செய்துகொள்ளுங்கள். சீமோத் என்ற சின்ன நீர்மூழ்கி வந்ததும் அதையே காற்றுக் கூடாரமாகப் பயன்படுத்தலாம். மேம்படுத்தாத சீமோத் 200 மீட்டருக்குக் கீழே நசுங்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி (புதுச்சேரி): பதினான்கு வயது மகன் ‘திஸ் வார் ஆஃப் மைன்’ வாங்கித் தரச் சொல்கிறான். ஒரு நாட்டில் பள்ளிப் பாடமாகவே இருக்கிறது என்கிறான். உண்மையா?

முக்கால் உண்மை. போலந்து அரசு 2020-ல் அதைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. மகன் சொல்லாமல் விட்ட கால்வாசி: ஐரோப்பிய வயதுக் குறியீட்டில் அது 18-க்கு மேல். 1992 முதல் 1996 வரை நடந்த சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்தது. நீங்கள் சிப்பாய் அல்ல, இடிந்த வீட்டில் ஒளிந்திருக்கும் சாதாரண ஆள். இரவில் திருடப் போவீர்கள். வயதான தம்பதியின் மருந்தை எடுத்துவிட்டால், மறுநாள் உங்கள் ஆளே சாப்பிடாமல் முடங்கிக் கிடப்பான். நான்கு வருஷம் கழித்து வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): வாங்கிய பிறகு என் பழைய லேப்டாப்பில் கேம் திக்கித் திக்கி ஓடினால் பணம் போனதுதானா?

ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியிருந்தால் இல்லை. வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முதல் அரை மணி நேரத்திலேயே பெரிய மேப் ஒன்றைத் திறந்து, வேகத்தை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். வியூக கேம்கள் ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடும், ஆட்கள் பெருகிய பிறகே திக்கும். அறிமுகப் பாடத்திலேயே இரண்டு மணியைத் தொலைத்துவிட்டால் அப்புறம் கேட்க முடியாது.

கேள்வி (சிவகாசி): ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் காட்டுப்பன்றியை இழுத்து வரப் போகும் ஆள் பாதி வழியில் செத்துப்போகிறான். எப்படிச் செய்வது?

விருதுநகர் வாசகரும் இதைப் படிக்கட்டும். வில்லேஜரின் உயிர் 25, பன்றியின் ஒரு முட்டு 7. நாலாவது முட்டில் முடிந்தது. 50 தங்கத்துக்கு லூம் எடுத்தால் உயிர் 40 ஆகும். கை பழகும் வரை லூமை முன்னாலேயே எடுத்துவிடுங்கள், 25 நொடி போனால் போகட்டும். அடிபடாத ஆளை அனுப்புங்கள், டவுன் சென்டருக்குப் பக்கத்தில் உள்ள பன்றியை முதலில். பன்றி மேல் அம்பு பாய்ந்து, அது உங்கள் பக்கம் திரும்பிய அந்த நொடியே டவுன் சென்டர் மேல் வலது க்ளிக். ஒரே க்ளிக்தான். நடுவில் நின்று திரும்பிப் பார்த்தால் முட்டு விழும். வந்து சேர்ந்ததும் ஆட்டில் இருக்கும் ஆறு பேரையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் பன்றி மேல் ஏவுங்கள், இழுத்து வந்தவனை டவுன் சென்டருக்குள் நுழைத்துவிடுங்கள். பன்றி விழுந்ததும் ‘ஹெச்’ விசையால் டவுன் சென்டரைத் தேர்ந்தெடுத்து அவனை வெளியே எடுங்கள், அப்படியே அடுத்த வில்லேஜரையும் வரிசையில் போட்டுவிடுங்கள்.